முட்டை மிதக்கும்வரை

வாளியில் சர்க்கரை கரைத்த பழச்சாறு. அதற்குள் ஒரு முட்டையைக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். மூழ்கிவிட்டது. இன்னும் ஒரு கை சர்க்கரை போட்டுக் கலக்கினேன். அடியில் படுத்துக் கிடந்த முட்டை எழுந்து நின்றது, ஆனால் மேலே வரவில்லை. இன்னும் ஒரு கை. இப்போது மெல்ல மேலேறி, பத்து சென்ட் நாணயம் அளவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தது. சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஆம்லெட்டா ஒயினா, முதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள்.

அமெரிக்கா மேற்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு, சாறு தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் எல்லாம் வந்து சேராது. கோழி மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது. அன்றைக்கு இட்ட முட்டையின் அடர்த்தி தண்ணீரைவிடச் சுமார் 9 சதவீதம் அதிகம். அந்த முட்டை சாற்றில் மிதக்கிறது என்றால், லிட்டருக்கு இருநூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, புளித்து முடிந்தால் 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் வரும் என்று பொருள். தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மீடுக்கும், பன்றி இறைச்சி ஊறப்போடும் உப்புநீருக்கும் இதே முட்டைதான் அளவு. நான் ஹைட்ரோமீட்டரையும் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன். காலையில் பண்ணையில் வாங்கிய முட்டை 1.094இல் மிதந்தது. கடையில் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த முட்டை 1.070இலேயே மேலே வந்துவிட்டது. முட்டை பழசாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் போய் உள்ளே காற்று சேர்கிறது, எடை குறைகிறது. பழைய முட்டையை நம்பினால் 9 சதவீத ஒயின்தான் கிடைக்கும். அடுத்த கோடைக்குள் கெட்டுப்போகும்.

நான் பார்த்துச் செய்த பழைய பண்ணை வீட்டு ஒயின் குறிப்பில் "முட்டை மிதக்கும்வரை" என்றுதான் இருந்தது. புது முட்டை என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் அந்தப் பண்ணைக்காரர்களுக்கு இல்லை.

செயின்ட் லூயிஸுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கிருந்து மிசௌரி ஆற்றை ஒட்டி மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் ஹெர்மன் என்ற சின்ன ஊர் வரும். பிலடெல்பியாவில் இருந்த ஜெர்மானியர்கள் தங்கள் மொழியும் பழக்கமும் கலையாமல் வாழ ஓர் ஊர் வேண்டும் என்று சங்கம் அமைத்து, நிலம் வாங்கி, 1837இல் முதல் குடும்பங்களை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் எல்லாம் செங்குத்தான மேடு, கல். கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் ஆகாத பூமி. சரி, திராட்சை வைப்போம் என்று இறங்கினார்கள். 1847இல் அங்கே தொடங்கிய ஸ்டோன் ஹில் ஒயின் ஆலை அந்த நூற்றாண்டின் முடிவில் நாட்டின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக இருந்தது. மதுவிலக்கு வந்ததும் அதே நிலவறைகளில் காளான் வளர்த்தார்கள். இப்போது மறுபடியும் ஒயின்.

ஆனால் எனக்கு ஆர்வம் ஆலையின்மேல் வரவில்லை. ஊருக்கு வெளியே சாலையோரத்தில் முட்டையும் தேனும் விற்கும் ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்ததில் வந்தது. எண்பது வயதைத் தாண்டியவர். பாட்டி எழுதிய சமையல் குறிப்பேடு ஒன்று அவரிடம் இருந்தது. பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம். ஊறுகாய், சோப்பு, இருமல் மருந்து, மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஏழெட்டு ஒயின்கள். மூன்றாவது தடவை முட்டை வாங்கப் போனபோது நகலெடுக்க அனுமதித்தார்.

ஒயின் குறிப்புகள் மருந்துகளுக்கு நடுவில் இருந்தது தற்செயல் இல்லை. எல்லைப்புற வாழ்க்கையைக் காட்டும் சினிமாக்களில் ஒரு மதுக்கடை, இரட்டைக் கதவு, மேசையில் விஸ்கி. விஸ்கி இருந்தது உண்மைதான். மூட்டை மூட்டையாக மக்காச்சோளத்தை மலை தாண்டி விற்கப் போவதைவிட அதையே காய்ச்சிப் பீப்பாயில் கொண்டுபோவது லாபம். அது ஆண்களின் சரக்கு, காசுக்கு விற்ற சரக்கு. வீட்டு ஒயின் வேறு உலகம். அது பெண்கள் கையில் இருந்தது. தோட்டத் திராட்சை இல்லாத இடத்தில் எது பழுத்ததோ அதில் போட்டார்கள்: காட்டுத் திராட்சை, எல்டர்பெரி, பிளாக்பெரி, காட்டு பிளம், சோக்செர்ரி, ரூபார்ப் தண்டு, டான்டிலயன் பூ. விருந்தாளிக்குக் கொஞ்சம், சளிக்குக் கொஞ்சம், பேதிக்குக் கொஞ்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வயிற்றுக்கடுப்பு வந்த சிப்பாய்களுக்குப் பிளாக்பெரி கார்டியல் என்ற இனிப்புப் பானம் கொடுத்தார்கள். அந்தப் பழத்தில் துவர்ப்பு அதிகம், அதனால் ஏதோ பலன் இருந்திருக்கும்.

குறிப்பேட்டில் என்னை முதலில் இழுத்தது கரன்ட் ஒயின். (நமக்குக் கரன்ட் என்றால் ஒன்றுதான். ஊரில் நண்பனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஷாக் அடிக்குமா?" என்றான்.) இது பாயசத்தில் போடும் உலர்ந்த கருப்புத் திராட்சை இல்லை. செடியில் சரம் சரமாகத் தொங்கும், மணி போன்ற சின்னச் சிவப்புப் பழம். கடும் புளிப்பு. ஜூன் 24, யோவான் ஸ்நானகர் திருநாளை ஒட்டிப் பழுப்பதால் ஜெர்மானியர்கள் இதை யோவானின் பழம் என்ற பொருளில் "யோஹானிஸ்பேரே" என்கிறார்கள்.

பாட்டியின் குறிப்பு புதிதல்ல என்று தேடியபோது தெரிந்தது. லிடியா மரியா சைல்ட் 1829இல் பாஸ்டனில் வெளியிட்ட சிக்கனக் குடும்பத் தலைவிகளுக்கான கையேட்டில் ஏறக்குறைய இதே அளவுகள் இருக்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்ட புத்தகம் அது. கிழக்கில் அச்சான குறிப்பு, வண்டியிலோ யாரோ ஒருவருடைய நினைவிலோ மேற்கே வந்து, கையால் எழுதப்பட்டு, ஜெர்மன் வாக்கியங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது.

அளவு இதுதான்: இரண்டு குவார்ட் (குவார்ட் என்பது கால் கேலன்) சாறு, இரண்டு குவார்ட் தண்ணீர், மூன்றரை பவுண்டு சர்க்கரை. பீப்பாயில் ஊற்றி மூன்று நான்கு நாள் தக்கையை இறுக்காமல் விடு. புளிப்பது நின்றதும் இறுக்கமாக மூடு. ஓரிரு வருடம் தொடாதே. பிராந்தி சேர்க்கத் தேவையில்லை என்றும் சைல்ட் சொல்கிறார்.

முதலில் பழம் கிடைக்க வேண்டுமே. அமெரிக்கச் சந்தைகளில் கரன்ட் அபூர்வம். அதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளை பைன் மரங்களைக் கொல்லும் ஒரு துரு நோய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாற்றுகளோடு வந்தது. அந்தப் பூஞ்சை பைனிலிருந்து பைனுக்கு நேராகத் தாவாது. நடுவில் ஒரு பருவத்தைக் கரன்ட், கூஸ்பெரி செடிகளில் கழிக்க வேண்டும். மர வியாபாரம் பெரிது, கரன்ட் சிறிது. எனவே கரன்ட் வளர்ப்பதை மத்திய அரசு தடை செய்தது. 1930களில் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டிக் காடு காடாகச் செடிகளைப் பிடுங்கவைத்தார்கள். 1966இல் மத்தியத் தடை விலகியது, சில மாநிலங்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. இரண்டு தலைமுறை கரன்டைச் சுவைக்காமலேயே வளர்ந்துவிட்டது. விஸ்கான்சினில் தோட்டம் வைத்திருக்கும் சக ஊழியர் ஒருவர் உறையவைத்த பழம் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்ததால் நான் பிழைத்தேன்.

அடுத்தது கேலன் குழப்பம். பிரித்தானியக் குறிப்பு ஒன்றைப் பார்த்து அதற்கு முந்தைய வருடம் ஒரு தொகுதி போட்டிருந்தேன், தேன் பாகு மாதிரி வந்தது. அமெரிக்க கேலன் 3.8 லிட்டர். அது 1707இல், ஆன் அரசி காலத்தில், ஒயினுக்கென்றே நிர்ணயித்த கேலன். பிரிட்டன் 1824இல் அதைக் கைவிட்டு 4.5 லிட்டருக்கு மாறிவிட்டது. அமெரிக்கா பழையதையே பிடித்துக்கொண்டது. ஆக, இன்றைக்கும் அமெரிக்கர்கள் பெட்ரோலை ஒயின் கேலனில்தான் வாங்குகிறார்கள்.

சைல்டின் அளவைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றரை பவுண்டு என்றால் 1.6 கிலோ. கரைந்ததும் மொத்தம் 4.8 லிட்டர் ஆகும். லிட்டருக்கு 330 கிராம், பழத்தின் சர்க்கரை தனி. எல்லாம் புளித்தால் 20 சதவீத ஆல்கஹாலைத் தாண்டும். ஆனால் எல்லாம் புளிக்காது. ரொட்டி ஈஸ்ட் 12, 13 சதவீதத்தை எட்டும்போதே சோர்ந்து உட்கார்ந்துவிடும். மிச்சம் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை அப்படியே நிற்கும். கோலாவில் இருக்கும் அதே அளவு இனிப்பு.

இன்றைய ஒயின் ஆர்வலர்கள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் பிராந்தி தேவையில்லை என்ற வரி உறைத்தது. வீட்டு ஒயின் கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் பிராந்தி ஊற்றுவது வழக்கம். பிராந்திக்குக் காசு வேண்டும். ஈஸ்ட் தாங்கும் எல்லைவரை ஆல்கஹாலை ஏற்றிவிட்டு, அதன்மேல் சர்க்கரைச் சுமையையும் வைத்துவிட்டால், வேறெந்தக் கிருமியும் அதில் பிழைப்பது கடினம். ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, இந்த ஒயினுக்கு இனிப்பு அப்படி. தடுமாறிய கை இல்லை இது, நன்றாகவே கணக்குப் பார்த்த கை. கணக்கை எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருக்கிறது.

நான் தடுமாறியது தக்கையில். மூன்று நான்கு நாள் என்பதைப் பிடித்துக்கொண்டேன், புளிப்பது நின்றதும் என்பதை விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் கண்ணாடிக் குடுவையை ரப்பர் தக்கையால் அழுத்தி மூடிவிட்டு அலுவலகம் போனேன். மாலை வந்து பார்த்தால் பேஸ்மென்ட் கூரையில் சிவப்பு வட்டம். சுவரில் கோடுகள். தக்கை துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தது. குடுவை உடையாதது என் அதிர்ஷ்டம். மரப் பீப்பாய் கொஞ்சம் மூச்சு விடும், கண்ணாடி விடாது. சைல்ட் கணக்குப்போட்டது ஜூலை மாதச் சூட்டில் மரப் பீப்பாயில் பொங்கும் சாற்றுக்கு. நான் ஏர்கண்டிஷன் ஓடும் வீட்டில் கண்ணாடியில் வைத்திருந்தேன். கூரையில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டாள். சாட்சியாக இருக்கட்டுமாம்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய வெள்ளைச் சர்க்கரை போல எல்லார் வீட்டிலும் அப்போது இல்லை. நல்ல சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாகத் தாளில் சுற்றி வரும், இடுக்கி வைத்து உடைக்க வேண்டும். சாதாரணக் குடும்பம் வாங்கியது பழுப்புச் சர்க்கரை, வெல்லப்பாகின் ஈரம் போகாதது. அமெரிக்கக் கடைகளில் பிரவுன் சுகர் என்று விற்பது பெரும்பாலும் சுத்திகரித்த வெள்ளையில் பாகைத் திரும்பக் கலந்தது. உண்மையாகவே பாகு நீக்காத சர்க்கரைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது. நம் இந்தியக் கடையில் நாட்டுச் சர்க்கரை பொட்டலம் பொட்டலமாக அடுக்கி வைத்திருக்கிறான். கரன்ட் ஒயினைப் பாதி வெள்ளையிலும் பாதி நாட்டுச் சர்க்கரையிலும் போட்டேன். நாட்டுச் சர்க்கரைக் குடுவை தெளிய நான்கு மாதம் கூடுதலாக எடுத்தது. நிறம் செங்கல். வாயில் வைத்தால் கடைசியில் கருகிய கரும்பின் ஒரு சாயல். எனக்குப் பிடித்திருந்தது, என் குடும்பத்தில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லூசியானாவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து நீராவிப் படகில் மிசிசிப்பி வழியாகச் செயின்ட் லூயிஸுக்கு வந்தது. வெட்டியதும் காய்ச்சியதும் அடிமைகள். லிடியா சைல்ட் 1833இல் அடிமைமுறையை உடனே ஒழிக்கச் சொல்லி ஒரு நூல் எழுதினார், அதனால் வாசகர்களை இழந்தார். அதே கையால் எழுதிய மூன்றரை பவுண்டு. சர்க்கரை வாங்க முடியாதவர்கள் தேன், மேப்பிள் சர்க்கரை என்று போனார்கள், 1850களுக்குப் பிறகு சோளத் தண்டைப் பிழிந்த சோர்கம் பாகு வந்தது. சோர்கம் பாகில் ஒரு சிறு ஜாடி நானும் போட்டேன். அதைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை.

ஈஸ்ட் பற்றிப் பழைய குறிப்புகள் சொல்வது ஒரு வரிதான்: வாட்டிய ரொட்டித் துண்டில் ஈஸ்டைத் தடவி மிதக்கவிடு. 1829இல் ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்று அறிவியல் இன்னும் நிறுவியிருக்கவில்லை. 1830களின் கடைசியில் சிலர் சொன்னார்கள், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1850களின் இறுதியில் ஆய்வு தொடங்கிய பிறகுதான் உலகம் நம்பியது. ஃபிளைஷ்மன் நிறுவனம் சின்சினாட்டியில் கட்டி ஈஸ்டைத் தயாரிக்க ஆரம்பித்தது 1868இல். அதற்கு முன் ஹாப்ஸ் பூவும் உருளைக்கிழங்கும் வேகவைத்து வீட்டிலேயே வளர்த்த ஈஸ்ட், பழையதில் ஒரு கரண்டி எடுத்துப் புதியதில். நம் வீட்டில் உறைமோர் எடுத்து வைப்பது மாதிரி. ரொட்டித் துண்டு எதற்கு என்று முதலில் புரியவில்லை. செய்து பார்த்ததும் புரிந்தது. ஈஸ்ட் அடியில் போய் உட்காராமல் காற்றுப் படும் இடத்தில் மிதக்கிறது, ரொட்டியிலிருந்து கொஞ்சம் தீனியும் கிடைக்கிறது. 24 மணி நேரத்தில் நுரை கட்டிவிட்டது.

எல்டர்பெரிச் சாற்றை மூன்று ஜாடிகளில் பிரித்து வைத்தேன். ஒன்றில் வாட்டிய ரொட்டி. ஒன்றில் கடையில் விற்கும் ஒயின் ஈஸ்ட் பொட்டலம். ஒன்றில் எதுவும் போடவில்லை, பழத்தோடு வந்தது பார்த்துக்கொள்ளட்டும் என்று துணியால் மூடி வைத்தேன். பொட்டலம் சுத்தமான ஒயின் தந்தது, யாரும் குறை சொல்ல முடியாது, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ரொட்டி ஜாடி மெதுவாகத் தெளிந்தது, இனிப்பு நின்றது. மூன்றாவது ஆறே வாரத்தில் வினிகர் ஆகிவிட்டது. மேலே காற்று இருந்தால் ஆல்கஹாலைப் புளிக்காடியாக்கும் பாக்டீரியா சும்மா இருக்காது. பீப்பாயை விளிம்புவரை நிரப்பி வைக்கச் சொல்வது அதனால்தான்.

எனக்கு அது தோல்வி. அந்த அம்மாவிடம் சொன்னபோது, "வினிகர் எவ்வளவு வந்தது?" என்றுதான் கேட்டார். வெள்ளரிக்காயும் பீட்ரூட்டும் குளிர்காலத்துக்குப் போட்டு வைக்க வீட்டுக்கு வருடத்துக்கு எத்தனையோ கேலன் வினிகர் தேவை. ஒயின் பீப்பாய் ஒன்று கெட்டால் வினிகர் வாங்கும் செலவு மிச்சம். நானும் அதில் பச்சை மிளகாய் ஊறப்போட்டேன், தயிர்ச்சோற்றுக்கு அமோகம்.

எல்டர்பெரியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். காம்பு, இலை, பச்சைக் காய் ஆகியவற்றில் சயனைடு தரக்கூடிய பொருள் இருக்கிறது. பழுத்ததை மட்டும் முள்கரண்டியால் உதிர்த்துச் சூடாக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, பாத்திரத்தில் பச்சையாக ஒரு பிசின் ஒட்டும். பலாப்பால் தோற்றது. எண்ணெய் தடவித்தான் எடுக்க முடிந்தது.

நண்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, இதில் கண் போய்விடாதா என்பது. கள்ளச்சாராயச் சாவுகளைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பயம் நியாயமானது. அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் சாராயத்தில் கலக்கும் தொழிற்சாலை மெத்தனால். பழத்தைப் புளிக்கவைப்பதில் மெத்தனால் மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். காய்ச்சி வடிப்பது வேறு விவகாரம், அமெரிக்காவில் வீட்டில் அதைச் செய்வது குற்றம். ஒயின் மட்டும் ஒரு வீட்டில் வயதுவந்தவர் இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 கேலன்வரை, விற்காமல், போட்டுக்கொள்ளலாம். நம் ஊர்ச் சட்டம் இப்படி இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காட்டுத் திராட்சைதான் என்னை மிகவும் படுத்தியது. செப்டம்பர் தொடக்கத்தில் மிசௌரி ஆற்றோர மரங்களில் ஏறிக் கிடக்கும் கொடி. தாவரவியலில் இதன் பெயரே ஆற்றங்கரைத் திராட்சை என்ற பொருளில் வைட்டிஸ் ரிப்பேரியா. பட்டாணி அளவுப் பழம், உள்ளே முக்கால்வாசி விதை. போகும் முன் அந்த அம்மா ஒன்று சொல்லியனுப்பினார்: "ஒரு பழத்தைப் பிய்த்து விதையைப் பார். பிறை மாதிரி ஒற்றை விதை இருந்தால் தொடாதே." மூன்சீட் என்ற நச்சுக்கொடி அப்படியே திராட்சை போலிருக்கும். திராட்சைக்குப் பற்றுச்சுருள் உண்டு, அதற்குக் கிடையாது. விதையையே பார்த்துக்கொண்டு கவனமாகப் பறித்தேன். அதே மரத்தில் ஏறியிருந்த பாய்சன் ஐவியைப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் இரண்டு முன்கைகளிலும் கொப்புளம்.

கொப்புளத்தோடு சாறு பிழிந்தது அடுத்த முட்டாள்தனம். அமிலம் அதிகமுள்ள சாறு, நல்ல தோலையே எரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். புளிப்பு எந்த அளவு என்றால், புளியைக் கரைத்து எலுமிச்சை பிழிந்தது போல. அப்படியே புளிக்கவைத்தால் குடிக்க முடியாது. தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து அமிலத்தைத் தணிக்க வேண்டும். ஜெர்மனியில் லுட்விக் கால் என்பவர் இந்த முறையை 1850களில் கணக்காக வகுத்தார். ஹெர்மனில் வளர்ந்த ஜார்ஜ் ஹுஸ்மன், உள்நாட்டுத் திராட்சை வளர்ப்பு பற்றி 1866இல் எழுதிய நூலில் அதைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். தண்ணீர் ஊற்றுவது ஏமாற்று வேலை என்று ஐரோப்பாவில் சண்டை நடந்தது. பண்ணைப் பெண்களுக்கு அந்தச் சண்டையே தெரியாது. அவர்கள் ஏற்கெனவே பாதிக்குப் பாதி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

புளித்து முடிந்ததும் ருசித்தேன். அப்போதும் பல் கூசியது. கொட்டிவிடலாமா என்றிருந்தது. குறிப்பேட்டில் "குளிர்காலம் முழுவதும் நிலவறையில்" என்று மட்டும் இருந்தது. எங்கள் பேஸ்மென்டில் சூடாக்கி ஓடுகிறது, எனவே குடுவையைக் கார் ஷெட்டில் வைத்தேன். ஜனவரியில் வெளியே மைனஸ் பத்து. பிப்ரவரியில் பார்த்தபோது கண்ணாடியின் அடியிலும் சுவரிலும் கற்கண்டுத் தூள் போல ஏதோ படிந்திருந்தது. டார்டாரிக் அமிலம் குளிரில் உப்பாகப் படிந்து பிரிந்துவிட்டது. நிலவறைக் குளிர்தான் மருந்து. வசந்தத்தில் வெயில் ஏறியதும் நின்றுபோயிருந்த ஒயினில் மறுபடி சின்னச் சின்னக் குமிழ்கள். திராட்சைக் கொடி பூக்கும்போது பீப்பாயில் இருக்கும் ஒயினும் அசையும் என்று ஐரோப்பியக் குடியானவர்களிடம் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. காரணம், சூடு ஏறியதும் பாக்டீரியா விழித்துக்கொண்டு மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்குவதுதான். ஷெட்டில் நின்று குமிழ்களைப் பார்க்கும்போது காரணம் தெரிந்திருந்தும் கொஞ்சம் சிலிர்த்தது.

இந்தப் புளிப்புக் கொடிக்கு இன்னொரு பெருமை இருக்கிறது. 1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலோக்சரா என்ற வேர்ப்பேன் அழிக்கத் தொடங்கியது. பேன் அமெரிக்காவிலிருந்து போனது. அதைத் தாங்கும் வேரும் அமெரிக்காவில்தான் இருந்தது. மிசௌரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியும் ஹுஸ்மன் போன்றவர்களும் அதில் முன்னின்றார்கள். ரிப்பேரியா முதலிய காட்டுக் கொடிகளின் தண்டுகள் கப்பலேறிப் போயின, அவற்றின்மேல் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டுக்கட்டினார்கள். இன்று பாரிஸில் நூறு யூரோ கொடுத்து வாங்கும் போத்தலுக்கும் கீழே மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் என் பல்லைக் கூசவைத்த கூட்டத்தின் வேர்தான்.

டான்டிலயன் ஒயினைப் பற்றி இணையத்தில் நிறைய உருகுகிறார்கள். நான்கு லிட்டர் பாத்திரம் நிறைய மஞ்சள் இதழ்களைப் பிய்க்க, பச்சைக் காம்பு ஒன்றுகூட விழாமல் பிய்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. அது விழுந்தால் கசக்கும். கிடைத்தது எலுமிச்சை சர்க்கரைத் தண்ணீரின் தங்க நிறத் தம்பி. மறுபடி செய்ய மாட்டேன்.

கரன்ட் ஒயினைச் சரியாகப் பதினான்கு மாதம் கழித்துத் திறந்தேன். நிறம் அபாரம், வாசனையும். நல்ல பெரிய ஒயின் கோப்பையில் ஊற்றி, சுழற்றி, ஒரு வாய் குடித்தேன். திகட்டியது. மூன்றாவது வாயில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கணக்கெல்லாம் புரிந்துவிட்டது, காரணமெல்லாம் தெரிந்துவிட்டது, ஆனால் குடிக்க முடியவில்லை. அவர்களுடைய நாக்கு வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். திகட்டுகிறது என்று முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டேன். அவர் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதில் குடித்தாய் என்றார். கையால் அளவு காட்டினேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்று கோப்பைகள் எடுத்துவந்தார். தண்டு வைத்த, பூ வேலை செய்த கோப்பைகள். கண்மருந்து ஊற்றும் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பழைய அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் "ஒரு ஒயின் கோப்பை பால்", "ஒரு ஒயின் கோப்பை பன்னீர்" என்று அளவு வரும். அது இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 60 மில்லி. எத்தனையோ தடவை அதைப் படித்துக் கிராமாகவும் மில்லியாகவும் மாற்றியிருக்கிறேன். அதுதான் அவர்கள் குடித்த கோப்பையும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

முக்கால்வாசி ஊற்றினார். உப்புப் பிஸ்கட் ஒரு தட்டில் வைத்தார். வெளியே குளிர், அடுப்பில் விறகு. அந்தச் சின்னக் கோப்பையில் மூன்று மிடறுதான் இருந்தது. முதல் மிடறில் பழத்தின் புளிப்பு வந்தது, அதன் பின்னால்தான் இனிப்பு.

"குறிப்பேட்டில் இது இல்லையே" என்றேன்.

"எதற்கு எழுத வேண்டும், கோப்பைதான் வீட்டில் இருக்கிறதே" என்று சொல்லி, போத்தலைத் தக்கையால் மூடி அலமாரியில் வைத்தார். எனக்கு இரண்டாவது கோப்பை ஊற்றவில்லை.